உதாசீனம்: தமிழில் எப்படிச் சொல்வது?

வரிசையில் நிற்பவரை எழுத்தர் நிமிர்ந்து பார்க்காவிட்டால் அதை உதாசீனம் என்கிறோம். ஓர் இனத்தாரைக் குறிவைத்து வீடு வீடாகத் தேடி அடிக்கிறார்கள், எதிர்வீட்டுக்காரர் சன்னலைச் சாத்திக்கொள்கிறார் என்றால் அதற்கும் அதே உதாசீனம்தான். முதலாவதுக்கு அந்தச் சொல் சரி. இரண்டாவதுக்கு அது போதுமா?

அலட்சியத்தை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். இலட்சியம் என்றால் குறி. குறியில் கண் இல்லாதது அலட்சியம். கவனம் பிசகியது என்ற வாடைதான் அதில் தூக்கல். மருந்தை மாற்றிக் கொடுப்பது அலட்சியம். கண்ணெதிரே ஒருவர் அடி வாங்கும்போது யாருக்கும் கவனம் பிசகுவதில்லை.

உதாசீனம் வடசொல். உத் என்ற முன்னொட்டோடு ஆசீன என்பது சேர்ந்தது. ஆசீன என்றால் அமர்ந்திருக்கிற என்று பொருள். நமக்குப் பழகிய ஆசனமும் அதே வேரில் வந்ததுதான். ஆக, உதாசீனன் என்றால் விலகி உட்கார்ந்திருப்பவன். பிறந்தபோது இது வசைச்சொல்லே இல்லை. கீதையின் 12ஆம் அத்தியாயத்தில் நல்ல பக்தனுக்கு உரிய குணங்களில் ஒன்றாகவே வருகிறது. இன்ப துன்பங்களில் ஒட்டாதவன் என்ற பொருள்.

அர்த்தசாஸ்திரத்தில்தான் சுவாரசியம். அங்கே உதாசீனன் ஓர் அரசியல் கலைச்சொல். வெல்லப் புறப்பட்ட அரசன், அவனுடைய பகைவன், இருவருக்கும் இடைப்பட்ட மத்தியமன் ஆகிய மூவரின் வட்டத்துக்கும் வெளியே இருப்பவன் அவன். மூவரையும்விட வலியவன். நினைத்தால் உதவலாம், நினைத்தால் அடக்கலாம். இந்த விளக்கத்தைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் தூக்கிவாரிப்போட்டது. கையாலாகாதவனை உதாசீனன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நூலோ கையாலாகிறவனைச் சொல்கிறது.

அந்த விளக்கத்துக்கு வரலாற்றில் ஓர் உதாரணம் வேண்டுமென்றால் 1938 ஜூலையில் பிரான்சின் எவியான் நகருக்குப் போகலாம். நாஜிகளிடமிருந்து தப்பி ஓடும் யூதர்களை யார் ஏற்றுக்கொள்வது என்று பேச 32 நாடுகள் கூடின. பிரதிநிதிகள் ஒவ்வொருவராக எழுந்து வருத்தம் தெரிவித்தார்கள், எங்களிடம் இடமில்லை என்றார்கள், உட்கார்ந்தார்கள். பெரிய எண்ணிக்கையில் ஏற்க முன்வந்தது டொமினிக்கன் குடியரசு மட்டும்தான். ஆஸ்திரேலியப் பிரதிநிதி, எங்கள் நாட்டில் இனப் பிரச்சினை இல்லை, ஒன்றை இறக்குமதி செய்துகொள்ளவும் விருப்பமில்லை என்ற பொருளில் பேசினார். வெள்ளையர் அல்லாதார் உள்ளே வராதபடி 1901இலேயே சட்டம் போட்டு வைத்திருந்த நாடு அது!

நான்கு மாதம் கழித்து, நவம்பர் 9 இரவு, ஜெர்மனியில் யூதர்களின் வழிபாட்டிடங்கள் எரிந்தன. அடுத்த மே மாதம் செயின்ட் லூயிஸ் என்ற கப்பல் 937 பயணிகளோடு ஹவானா போய்ச் சேர்ந்தது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் யூத அகதிகள். கியூபா 28 பேரை மட்டும் இறங்க விட்டது. அமெரிக்காவும் கனடாவும் இடம் தரவில்லை. கப்பல் ஐரோப்பாவுக்கே திரும்பியது. அதில் வந்தவர்களில் 254 பேர் பிற்பாடு நாஜிகளின் இனப்படுகொலைக்குப் பலியானார்கள். மாநாட்டு மண்டபத்தில் இருந்தவர்கள் யாரையும் கொல்லவில்லை. விலகி உட்கார்ந்திருந்தார்கள், அவ்வளவுதான்.

இந்த இடத்தில் இனவெறி என்ற சொல்லையும் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். குறளில் சிற்றினம் சேராமை என்று ஓர் அதிகாரம் இருக்கிறது. அங்கே இனம் என்பது பிறப்பால் வந்ததல்ல, நாம் தேர்ந்து சேரும் கூட்டம். அந்தச் சொல்லின் மேல் ரத்தமும் நிறமும் ஏறியது பிற்காலத்தில். வெறி அதைவிடப் பழைய சங்கதி. சங்கப் பாடல்களில் முருகன் மேல் வந்ததாக வேலன் ஆடுவது வெறியாட்டு. தன்வசம் இழந்த நிலை. இதனால் இனவெறி என்றதும் கண் சிவந்து கத்துகிற நாலு பேர்தான் மனத்தில் வருகிறார்கள். ஆனால் தென்னாப்பிரிக்காவில் ஒவ்வொருவரையும் இனம் பிரித்துப் பதிவு செய்ய 1950இல் வந்த மக்கள் பதிவுச் சட்டம் வெறியில் எழுதப்பட்டதல்ல. ஆற அமர மேசையில் எழுதப்பட்டது. தலைமுடியில் பென்சிலைச் செருகி, அது விழுகிறதா நிற்கிறதா என்று பார்த்து இனத்தை முடிவு செய்த அதிகாரிகள் மதியம் சாப்பிட வீட்டுக்குப் போயிருப்பார்கள். 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகளைத் தேடி வந்த கும்பல்களின் கையில் வாக்காளர் பட்டியல் இருந்தது. இலங்கைத் தமிழர் இதை இனவாதம் என்பது எனக்குச் சரியாகவே படுகிறது. அது கொள்கை, கணக்கு, பட்டியல். அதே ஜூலையில் தமிழ்க் குடும்பங்களைத் தங்கள் வீட்டில் ஒளித்து வைத்துக் காப்பாற்றிய சிங்கள அயலவர்களும் உண்டு. அவர்களும் வட்டத்துக்கு வெளியே இருந்தவர்கள்தான். உட்கார்ந்திருக்கவில்லை.

சரி, தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். நொதுமல் என்று ஒன்று இருக்கிறது. பகையும் இல்லை, நட்பும் இல்லை என்ற நிலை அது. பகை, நொதுமல், நட்பு என்று மூன்றாகப் பிரிக்கிறார் பரிமேலழகர். இன்று நியூட்ரானுக்கு நொதுமி என்று பெயர் வைத்திருப்பதும் இதை வைத்துத்தான். பொருள் ஏறக்குறைய உதாசீனத்தின் பழைய பொருளே. ஆனால் நொதுமலில் குற்றம் இல்லை. மின்னூட்டம் இல்லாத துகளை யாரும் கடிந்துகொள்ள முடியாது. உதாசீனம் தமிழில் அப்படி நிற்கவில்லை. படுத்து என்ற வினையைச் சேர்த்து உதாசீனப்படுத்தினார் என்கிறோம். உடனே யாரை என்ற கேள்வி வருகிறது. வடமொழியில் உட்கார்ந்திருப்பவரை மட்டும் காட்டிய சொல், தமிழுக்கு வந்ததும் எதிரே நின்று காத்திருப்பவரையும் காட்டத் தொடங்கிவிட்டது.

அந்த இரண்டு பேரையும் ஒரே சொல்லில் பிடிப்பது பாராமுகம். என் ஓட்டு இதற்குத்தான். பாராத முகம் என்பது ஈறுகெட்டுப் பாராமுகம் ஆகிறது. வடமொழியில் பராங்முக என்று, முகம் திருப்பிய என்ற பொருளில், ஒலியிலும் நெருங்கிய சொல் ஒன்று உண்டு. அதை ஒட்டிப் பராமுகம் என்று எழுதுவோரும் உண்டு. எது எதிலிருந்து வந்திருந்தாலும், தமிழ்க் காது அதில் கேட்பது ‘பார்’ என்ற வினையைத்தான். காதலி ஊடல் கொண்டால் சொல்கிற சொல்லாயிற்றே, கொலைக்களத்துக்கு இது பொருந்துமா என்று கேட்கலாம். எனக்கு அதனால்தான் பொருந்துகிறது. ஏன் இந்தப் பாராமுகம் என்று கேட்பவருக்கு, தன்னைப் பார்க்க வேண்டிய கடமை எதிராளிக்கு உண்டு என்ற நம்பிக்கை இருக்கிறது.

இதற்கு அடுத்த படியில் இருப்பது வேடிக்கை பார்ப்பது. முகத்தைக்கூடத் திருப்புவதில்லை. தெருவில் நிற்கும் கூட்டத்துக்கு நம் மொழி வைத்திருக்கும் பெயரே வேடிக்கை பார்ப்பவர்கள் என்பதில் கொஞ்சம் கசப்பு இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர்கள் டார்லியும் லட்டானேயும் 1968இல் ஒரு சோதனை செய்தார்கள். பக்கத்து அறையில் ஒருவருக்கு வலிப்பு வந்ததாக ஹெட்ஃபோனில் கேட்க வைத்தார்கள். தான் ஒருவர்தான் கேட்கிறோம் என்று நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர் அந்தக் குரல் அடங்குவதற்குள் உதவி தேடினார்கள். இன்னும் நான்கு பேர் கேட்கிறார்கள் என்று நினைத்தவர்களில் 31 சதவீதம் பேர்தான். யாராவது போவார்கள், நமக்கேன் வம்பு. ஆனால் பார்ப்பதெல்லாம் வேடிக்கையும் இல்லை. 2020 மே 25 அன்று அமெரிக்காவின் மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவரின் கழுத்தில் காவலர் ஒருவரின் முழங்கால் 9 நிமிடத்துக்கு மேல் அழுந்தியிருந்தபோது, நடைபாதையில் நின்றவர்கள் விடச் சொல்லிக் கத்தினார்கள். 17 வயதுப் பெண் ஒருத்தி செல்பேசியைத் தாழ்த்தாமல் முழுவதையும் படம் பிடித்தாள். அந்தக் காவலர் மேல் நடந்த கொலை வழக்கில் அந்தப் படமே முக்கியச் சான்றானது.

அவள் செய்தது பாராமுகத்துக்கு எதிர்ப்பதம். அதற்கும் தமிழில் சொல் இருக்கிறது, நாம்தான் வேறு வேலைக்கு அனுப்பிவிட்டோம். கண்ணோட்டம் என்றால் கண் பிறர் மேல் ஓடுவது, அதனால் வரும் இரக்கம். குறளில் 58ஆம் அதிகாரத்தின் தலைப்பே அதுதான். கண்ணோட்டம் இல்லாதவருக்குக் கண்ணே இல்லை என்கிறது 577ஆம் குறள். இன்றைக்கு அது ‘பொருளாதாரக் கண்ணோட்டத்தில்’ என்று செய்தித்தாளில் கட்டுரை எழுதப் பயன்படுகிறது. பார்வைக் கோணம் என்ற பொருள் நிலைத்துவிட்டது, இனி திரும்பாது. ஆனால் கண்ணோடு, கண்ணோடினார் என்ற வினை அவ்வளவாகக் கறைபடாமல் கிடக்கிறது. வேண்டுமானால் எடுத்துப் புழங்கலாம்.

ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. கண்ணோடாமல் இருக்க வேண்டிய இடம் ஒன்றையும் வள்ளுவரே காட்டுகிறார். குற்றத்தை ஆராய்ந்து முறை செய்யும்போது யாரிடத்தும் கண்ணோடக்கூடாது என்பது 541ஆம் குறள். அது ஆளுகிறவனின் இருக்கைக்குச் சொன்னது. அப்படி அமர்ந்தவனும் கடைசியில் தீர்ப்பு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தெருவில் நிற்கிறவர் அந்த விதியை எடுத்து வைத்துக்கொண்டு ‘நான் நடுநிலை’ என்கிறபோது, அவர் சொல்ல வருவது நடுவுநிலைமையை அல்ல, உதாசீனத்தை.