கல்லறை ரசீது இறப்புச் சான்றிதழ் ஆகாது

குன்னூரில் என் தாத்தா சில்வர் ஓக் பலகையில் சவப்பெட்டி செய்யத் தொடங்கிய நாள்முதல், இறந்தவரின் பெயர், வயது, அடக்கம் நடந்த இடம் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வைப்பது எங்கள் குடும்ப வழக்கம். அப்பாவும் எழுதினார், நானும் எழுதுகிறேன். அந்த நோட்டில் தம் கணவர் பெயருள்ள பக்கத்தை இறப்புச் சான்றாகக் காட்டப் பிரதி எடுத்து முத்திரை வைத்துத் தரும்படி, தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் ஓர் அம்மா சென்ற வாரம் அழுதுகொண்டு நின்றார். இவ்வாண்டில் இப்படி வந்தவர்களில் அவர் நான்காமவர்.

தேவாலய ரசீது இருக்கிறது, கல்லறைத் தோட்டத்திலும் எழுதிக்கொண்டார்கள், இதற்குமேல் என்ன சான்று வேண்டும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். அந்த ரசீது குழிக்குக் கட்டிய பணத்துக்கானது. தேவாலயத்தின் பங்குப் பதிவேடு அடக்கத்தைச் சொல்லும், அரசுப் பதிவாகாது. 1969ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி மயானப் பொறுப்பாளர் தகவல் தெரிவிக்க வேண்டியவர்தான், ஆனால் வீட்டில் நேர்ந்த இறப்பை அறிவிக்கும் கடமை குடும்பத் தலைவருடையது, மருத்துவமனையில் நேர்ந்தால் மருத்துவமனையுடையது. வருங்கால வைப்பு நிதி ஓய்வூதியத்துக்கும் வாரிசுச் சான்றிதழுக்கும் அரசின் பிறப்பு இறப்புப் பதிவாளர் தரும் சான்றிதழையே கேட்பார்கள். என் முத்திரைக்கு அங்கே எந்த மதிப்பும் இல்லை, மூன்று தலைமுறை நோட்டுக்கும் இல்லை.

அந்த அம்மாவின் கணவரை நெஞ்சுவலியோடு வாடகை வண்டியில் கோவைக்குக் கொண்டு போயிருக்கிறார்கள். மலைப்பாதையிலேயே உயிர் பிரிந்துவிட்டது. மேட்டுப்பாளையத்தில் வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள், மறுநாள் குன்னூரில் அடக்கம் செய்தார்கள், பல மாதம் கழித்துக் குன்னூரிலேயே பதிவு கேட்டார்கள். இறப்பு நேர்ந்த இடத்தில்தான் பதிய வேண்டும், குடியிருப்பு எங்கே என்பது கணக்கில்லை. ஓடும் வண்டியில் நேர்ந்தால் வண்டி முதலில் நின்ற இடமே பதிவுக்குரிய இடம். சிகிச்சைக்குச் சமவெளிக்கு இறங்கும் நம் மலை மக்கள் இதை அவசியம் தெரிந்திருக்க வேண்டும். வண்டி முதலில் நின்ற மேட்டுப்பாளையம் கோவை மாவட்டத்தில் இருப்பதாலும், ஓராண்டு கடந்துவிட்டதாலும், இனி அவர் நீலகிரி மாவட்டம் தாண்டிப் போய் நிர்வாக நடுவரின் (கோட்டாட்சியர் போன்ற அதிகாரியின்) ஆணை பெற வேண்டும்.

வீட்டில் ஒருவர் இறந்தால் குளிர்பெட்டிக்கு எங்களை அழைக்கும் முன் மருத்துவரை அழையுங்கள். கடைசியாகச் சிகிச்சை தந்தவர் இறப்புக் காரணச் சான்றைக் கட்டணமின்றித் தர வேண்டும். நோயின் பெயர் ஊருக்குத் தெரிந்துவிடும் என்று அஞ்சி அதை மறைக்காதீர்கள், உங்கள் கைக்கு வரும் சான்றிதழில் காரணம் அச்சிடப்படுவதில்லை. தோட்டத்தில் எல்லோரும் கூப்பிடும் பெயரைச் சொல்லிவிட்டு வராமல், ஆதார் அட்டையில் உள்ளபடி எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள். இருபெயர்க் குழப்பத்தால் ஓய்வூதியம் நின்ற வீடுகள் எனக்குத் தெரியும்.

21 நாளுக்குள் பதிந்தால் கட்டணமில்லை. 30 நாள்வரை தாமதக் கட்டணம் உண்டு, அதன்பின் ஓராண்டுவரை மாவட்டப் பதிவாளரின் எழுத்துமூல அனுமதி வேண்டும். முப்பதாம் நாள் பூசை முடியட்டும் என்று தயவுசெய்து காத்திருக்காதீர்கள். பதினாறாம் நாள் காரியத்துக்குச் சாமான் வாங்கக் கடைவீதிக்கு வரும்போதே, கிராமமானால் கிராம நிர்வாக அலுவலரையும் நகராட்சியானால் சுகாதாரப் பிரிவையும் பார்த்துவிடுங்கள், அப்போது இன்னும் ஐந்து நாள் கையில் இருக்கும்.