விந்தணுவை ஓட்டுவதும் முடக்குவதும் ஒரே வாயு

அர்ஜினின் என்ற அமினோ அமிலத்தை மாத்திரையாகச் சாப்பிட்டால் நைட்ரிக் ஆக்சைடு கூடி, விந்தணு வேகமாக நீந்துமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். கேள்வியின் முதல் பாதிக்கு அடிப்படை உண்டு. அர்ஜினினிலிருந்தும் ஆக்சிஜனிலிருந்தும்தான் நைட்ரிக் ஆக்சைடு சிந்தேஸ் என்ற நொதி இந்த வாயுவைத் தயாரிக்கிறது. அந்த நொதி விந்தணுவுக்குள்ளேயே இருக்கிறது.

வாயுவின் ஆயுள் சில விநாடிகள்தான். அதற்குள் சவ்வைக் கடந்து, சைக்ளிக் ஜிஎம்பி என்ற தூது மூலக்கூறைத் தயாரிக்கும் குவானைலேட் சைக்ளேஸ் நொதியில், ஹீம் என்ற பகுதியின் நடுவே உள்ள இரும்பில் போய் ஒட்டிக்கொள்கிறது. 1977இல் ஃபெரிட் முராட் கண்ட இந்தத் தொடர்புக்கு 1998இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. இதில் வியப்பான இடம் ஒன்று உண்டு. செல்லில் நைட்ரிக் ஆக்சைடைவிட ஆக்சிஜன் பல்லாயிரம் மடங்கு அதிகம்; இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு மூலக்கூறுகள். இரத்தச் சிவப்பணுவிலுள்ள ஹீமோகுளோபினின் ஹீம் ஆக்சிஜனைப் பற்றிக்கொள்ளும். இந்த நொதியின் ஹீம் அதைச் சீண்டுவதே இல்லை! நைட்ரிக் ஆக்சைடு ஒட்டியதும், இரும்பை மறுபுறம் பிடித்திருந்த, நொதியின் ஓர் அமினோ அமிலமான ஹிஸ்டிடினின் பிணைப்பு அறுகிறது. நொதியின் வடிவம் மாறி, அதன் வேகம் நூறு மடங்குக்கும் மேல் ஏறுகிறது. கார்பன் மோனாக்சைடும் ஒட்டும்தான், ஆனால் அந்தப் பிணைப்பை அறுக்காததால் வேகம் சில மடங்கோடு நின்றுவிடும்.

இப்படிப் பெருகும் சைக்ளிக் ஜிஎம்பி, இன்னொரு தூது மூலக்கூறான சைக்ளிக் ஏஎம்பியைச் சிதைக்கும் நொதியைத் தடுக்கிறது; அதனால் அதுவும் பெருகுகிறது. புரதங்களில் பாஸ்பேட் ஏறுகிறது, கால்சியம் நுழைகிறது. விந்தணு கருவுறச் செய்யும் திறனைப் பெற்று, முட்டையின் உறையைத் துளைக்கத் தயாராகிறது.

இதெல்லாம் நானோமோலார் என்ற மிகக் குறைந்த செறிவில். அதைவிட ஆயிரம் மடங்கான மைக்ரோமோலாருக்கு ஏறினால் அதே வாயு, செல்லின் ஆற்றல் கூடமான மைட்டோகாண்ட்ரியாவில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்து, செல்லின் எரிபொருளான ஏடிபியின் உற்பத்தியைக் குறைக்கும். ஆக்சிஜனின் வீரிய வடிவமான சூப்பர் ஆக்சைடு அருகில் இருந்தால் இரண்டும் சேர்ந்து, செல்லைச் சேதப்படுத்தும் பெராக்சிநைட்ரைட் ஆகும். விந்தணுச் சவ்வில் எளிதில் ஆக்சிஜனேற்றமடையும் கொழுப்பு அமிலங்கள் மிகுதி. செல்லின் உள்திரவமான சைட்டோபிளாசம் சொற்பமானதால் காப்பு நொதிகளும் குறைவு. சவ்வு சிதைந்து வால் அசைவு தளரும், டிஎன்ஏவும் உடையும். வெரிக்கோசீல் (விதைப்பைச் சிரைகளின் வீக்கம்), வெள்ளணுக்கள் பெருகும் தொற்று ஆகியவற்றில் இந்த நிலை வரலாம்.

கருவுக்கும் இதே கணக்குதான். எலியின் இளங்கரு வளரும் ஊடகத்தில் நைட்ரிக் ஆக்சைடு உற்பத்தியைத் தடுத்தால் செல் பிரிதல் தடைபடுகிறது. வாயுவை வெளியிடும் சேர்மத்தை அதிகம் சேர்த்தாலும் தடைபடுகிறது.

மாத்திரைக்கு வருவோம். நைட்ரிக் ஆக்சைடு சிந்தேஸ் பாதி வேகத்தில் ஓட சுமார் 3 மைக்ரோமோலார் அர்ஜினின் போதும்; இரத்தத்தில் 100 மைக்ரோமோலார் அளவுக்கு இருக்கிறது. பொதுவாகப் பற்றாக்குறை அங்கே இல்லை. டெட்ராஹைட்ரோபயாப்டெரின் என்ற துணைக்காரணி குறைந்தால் இதே நொதி சூப்பர் ஆக்சைடைத் தயாரிக்கத் தொடங்கும். அப்போது கூடுதல் அர்ஜினின் மட்டும் அதைச் சரிசெய்யாது. விந்துப் பரிசோதனைகூடச் செய்யாதவருக்கு 'ஆண்மை ஊக்கி' என்று இதை விற்பது அப்பட்டமான ஏமாற்று. அணுக்களின் எண்ணிக்கை, அசைவு, வெள்ளணுக்கள், வெரிக்கோசீல் ஆகியவற்றை முதலில் மருத்துவரிடம் பார்த்துக்கொள்ளுங்கள். தொற்று இருந்தால் முதலில் அதற்கே சிகிச்சை.