ஓடாத வண்டி புது வண்டி ஆகாது

சீசன் தொடங்கிவிட்டால் குன்னூரில் எங்களைப் போன்ற ஒர்க்‌ஷாப்காரர்களுக்கு இரண்டு வகை வண்டிகள் வரும். கிளட்ச் கருகிப் போன சுற்றுலாக் கார்கள் ஒரு வகை. அது எங்கள் பிழைப்பு, குறை சொல்ல மாட்டேன். இன்னொரு வகை பல வருஷம் ஷெட்டில் கிடந்த பழைய கார்கள், அது சமீப காலமாகக் கூடிக்கொண்டே போகிறது. ரெண்டே கதவு, கண்ணைப் பறிக்கும் சிவப்பு பெயிண்ட், பாலிஷ் போட்ட குரோம் பம்பர், ஆனால் பிரேக் இல்லை. போன வாரம் இன்னொன்று வந்தது. இனியும் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

வந்தது ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, அறுபதுகளின் வண்டி. கோயம்புத்தூர்த் தம்பி ஒருவர், முப்பது வயதுகூட இருக்காது. ஊட்டி போய்விட்டுத் திரும்பும்போது காட்டேரி என்கிற ஊர்ப் பக்கம் பிரேக் பெடல் தரையோடு போய்விட்டது. நிதானமுள்ள பிள்ளை. கியரைக் குறைத்து, மலைப்பக்க வடிகாலில் ஒரு சக்கரத்தை இறக்கி நிறுத்திவிட்டார். யாருக்கும் அடி இல்லை. டோ பண்ணிக் கொண்டுவந்து ஷெட்டில் விட்டதும் அவர் சொன்ன முதல் வார்த்தை: "வெறும் 38,000 கிலோமீட்டர்தானுங்ணா ஓடியிருக்குது. ஷெட்டுலயே நின்ன வண்டிங்ணா. புதுசு மாதிரியேதான் இருக்கும்."

இந்த ஒரு வசனத்தைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

முதலில் அந்த மீட்டரை நம்பாதீர்கள். அந்தக் காலத்து மீட்டர்களில் பெரும்பாலும் ஐந்து இலக்கம்தான். 99,999 தாண்டினால் மறுபடி சைபரிலிருந்து கிளம்பும். 38,000 என்பது 1,38,000 ஆகவும் இருக்கலாம். சரி, விற்றவர் யோக்கியர், மீட்டர் சொல்வது நிஜம் என்றே வைத்துக்கொள்வோம். அப்போது நிலைமை இன்னும் மோசம். ஓடிக்கொண்டே இருந்த வண்டிக்கு யாராவது ஒரு மெக்கானிக் அவ்வப்போது பிரேக் லைனிங் மாற்றியிருப்பான், ஹோஸ் மாற்றியிருப்பான், ஆயில் ஊற்றியிருப்பான். ஷெட்டில் கிடந்த வண்டியை யார் தொட்டது? வருஷத்துக்கு ஒரு முறை தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "எப்படி இருக்கு பாரு, அப்படியே இருக்கு" என்று மூடியிருப்பார்கள்.

அப்படியே இருப்பது தகடும் பெயிண்டும் மட்டும்தான். ரப்பர் அப்படியே இருக்காது. சக்கரத்தில் பிரேக்கைத் தள்ளுகிற வீல் சிலிண்டருக்குள் இருக்கிற வாஷர், பிரேக் ஹோஸ், ரேடியேட்டர் ஹோஸ், ஃபேன் பெல்ட், பெட்ரோல் பைப், டயர் எல்லாம் ரப்பர். அதற்குக் கிலோமீட்டர் கணக்கு தெரியாது, வருஷக் கணக்குதான் தெரியும். நின்றாலும் காயும், வெடிக்கும், இறுகும். பிரேக் ஆயிலும் அப்படித்தான். அது காற்றில் இருக்கிற ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும். அதுவும் நீலகிரி பங்களா ஷெட் என்றால் கேட்கவே வேண்டாம், வருஷத்தில் பாதி நாள் மேகம் ஷெட்டுக்குள்ளேயே குடியிருக்கும். டாட் 3 என்கிற ரகப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது கணக்கு. ஈரம் குடித்த பிறகு அந்தக் கணக்கு 140க்கு வந்துவிடுகிறது. டாட் 4 என்றால் 230, ஈரம் குடித்தால் 155. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் வரை 14 கொண்டை ஊசி வளைவு, சுமார் 1,500 மீட்டர் இறக்கம். பிரேக்கிலேயே காலை வைத்துக்கொண்டு இறங்குகிறவருக்கு இந்த 140 எவ்வளவு நேரம் தாங்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

தம்பி வண்டியின் பின் சக்கரத்தைக் கழற்றி டிரம்மைத் தட்டி எடுத்து அவர் கண்முன்னாலேயே காட்டினேன். வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பியதும் உள்ளே இருந்து வந்ததை ஆயில் என்று சொல்ல முடியாது. கடுங்காப்பி டம்ளரின் அடியில் தங்குகிற மண்டி மாதிரி கரகரவென்று ஒரு குழம்பு. ஒரு பக்க பிஸ்டன் துருப்பிடித்து ஒட்டியிருந்தது. இன்னொரு பக்கத்து வாஷர் வழியாகக் கசிந்து லைனிங் முழுக்க ஊறியிருந்தது. நான்கு டயரிலும் பட்டன் அப்படியே இருந்தது. அதைத்தான் அவர் பெருமையாகக் காட்டினார். பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் இருந்த எண்ணைப் படிக்கச் சொன்னேன். 2304. அதாவது 2004ஆம் வருஷத்தின் 23ஆவது வாரம். பட்டன்களுக்கு நடுவே இருந்த வெடிப்பில் என் நகம் போயிற்று. 10 வருஷம் தாண்டிய டயரை, பட்டன் எவ்வளவு இருந்தாலும், கழற்றிப் போடச் சொல்லித்தான் டயர் கம்பெனிகளே சொல்கின்றன. ஐந்து வருஷத்துக்கு மேல் வருஷம் ஒரு முறை காட்டிப் பார்க்க வேண்டும்.

இன்னொரு விஷயம் அவருக்குத் தெரியவே தெரியாது. அந்தக் காலத்து வண்டிகள் பலவற்றில் பிரேக் லைன் ஒன்றே ஒன்றுதான். இப்போது வருகிற கார்களில் இரண்டு தனித்தனி லைன்; ஒன்று போனாலும் இன்னொன்று பாதியாவது பிடிக்கும். ஹெரால்டில் எங்கேயாவது ஒரு வாஷர் போனால் நான்கு சக்கரமும் போச்சு. மிச்சம் இருப்பது கியரும் ஹேண்ட் பிரேக்கும்தான். அந்த ஹேண்ட் பிரேக் கேபிளும் இந்த வண்டியில் துருவேறி உறைக்குள் இறுகிக் கிடந்தது.

"எங்க மாமா இந்த வண்டியிலதானுங்ணா மேட்டுப்பாளையத்துல இருந்து பறந்து வருவாரு" என்றார். எல்லோருக்கும் ஒரு மாமா இருக்கிறார். சோழவரம் ரேஸ் பார்க்கப் போன மாமா, எஸ்டேட் துரையிடம் வண்டி வாங்கிய பெரியப்பா. கதைகள் எனக்கும் பிடிக்கும். ஆனால் அந்த மாமா வண்டி ஓட்டியபோது வண்டிக்கு வயது ஐந்தோ ஆறோ. அவர் பின்சீட்டில் தண்ணீர் கேனும் ஒரு ஃபேன் பெல்ட்டும் இல்லாமல் மலை ஏறியிருக்க மாட்டார். வெயிலுக்கு முன்னால் விடியற்காலையில் கிளம்பியிருப்பார், வழியில் பர்லியாரில் நிறுத்தி பானெட்டைத் திறந்து வைத்திருப்பார், எந்த கியரில் ஏறினாரோ அதே கியரில் இறங்கியிருப்பார். வீட்டில் கதை சொல்லும்போது இதெல்லாம் விட்டுப்போகிறது. வேகம் மட்டும் மிஞ்சுகிறது, அதுவும் வருஷா வருஷம் பத்து கிலோமீட்டர் கூடுகிறது! ஹெரால்டு நம் ஊரில் 948 சிசி வண்டி. இன்றைய சின்ன ஆல்டோ மலையில் அதை முந்திப் போய்விடும்.

எனக்கு அந்த வண்டி பிடிக்காது என்று நினைக்க வேண்டாம். மெக்கானிக்குக்கு அதைப் போல் தோதான வண்டி கிடையாது. பானெட் மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கமாகச் சாயும்; முன் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை செய்யலாம், இடுப்பு வலிக்காது. வளைகிற வளைவும் அலாதி. 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும், கொண்டை ஊசியில் ரிவர்ஸ் எடுக்கவே வேண்டாம். இங்கிலாந்தில் 1959இல் ட்ரையம்ப் கம்பெனி இதை கூப்பே என்கிற ஸ்போர்ட்ஸ் வடிவத்திலும் விட்டது. நமக்கு 1961இலிருந்து சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் தயாரித்த ரெண்டு கதவு வண்டிதான் கிடைத்தது. அசல் கூப்பே வாங்க வழியில்லாத ஊரில் அதுவே நமக்கு ஸ்போர்ட்ஸ் கார்.

ஆனால் அதன் பின் ஆக்சில் ஒரு தனி ரகம். வளைவுக்குள் வேகமாக நுழைந்துவிட்டு, பயந்து போய் ஆக்சிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுத்தால் வண்டியின் பின்பக்கம் எழும்பும், வெளிப்பக்க சக்கரம் உள்பக்கமாக மடங்கும், வால் வீசும். அனுபவமில்லாதவர் பயத்தில் செய்வது சரியாக இதைத்தான். வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் லேசாக ஆக்சிலரேட்டர் கொடுத்தபடி போக வேண்டும். 1972இல் இதன் அடுத்த மாடலான கெசல் வந்தபோது சென்னைக்காரர்கள் அந்த ஆக்சிலையே மாற்றிவிட்டார்கள்.

ஹெரால்டு மட்டும் என்றில்லை. பெங்களூர் டால்பின், கோவாவில் செய்த சான் ஸ்டார்ம் என்ற இரண்டு பழைய கார்களையும் ஆசையாகத் தேடி வாங்குகிறார்கள். ஃபைபர் பாடி துருப்பிடிக்காது, வாஸ்தவம்தான். அடியில் இருக்கிற இரும்பு துருப்பிடிக்கும், பாடி பளபளப்பாக இருப்பதால் யாரும் குனிந்து பார்க்க மாட்டார்கள். 1969இல் வந்த ஃபோர்டு கேப்ரியோ, 1970இல் வந்த டொயோட்டா செலிகாவோ யாரிடமாவது இருந்தால் அவர் கொடுத்து வைத்தவர். ஆனால் ரப்பருக்கு பிராண்டு தெரியாது. 50 வருஷம் தாண்டிய வண்டிக்கு 2021 விதிப்படி விஏ என்ற எழுத்துடன் விண்டேஜ் நம்பர் வாங்கலாம். அந்த நம்பர் பிளேட்டும் வண்டியை நிறுத்தாது. 2024 மே மாதத்திலிருந்து மலை ஏற இ-பாஸ் வேண்டும். எத்தனை பேர், எங்கே தங்குகிறீர்கள் என்றெல்லாம் கேட்கிறார்கள். பிரேக் ஆயில் எப்போது மாற்றினீர்கள் என்று கேட்க மாட்டார்கள், அதை நீங்களேதான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மலை ஏறி வந்ததும் "வண்டி இழுக்கலை, கரும்புகை வருது, கார்புரேட்டரை டியூன் பண்ணிக் கொடுங்க" என்று நிற்பார்கள். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். காற்றின் அழுத்தம் கீழே இருப்பதில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். கார்புரேட்டர் வண்டி இங்கே மூச்சு வாங்கத்தான் செய்யும், அது கோளாறு இல்லை. இங்கே கார்புரேட்டரில் பெட்ரோல் வருகிற துளையான ஜெட்டை மாற்றி பெட்ரோலைக் குறைத்துக்கொண்டு கீழே மேட்டுப்பாளையம் வெயிலில் மிதித்தால் வால்வு கருகும். அப்போது திட்டு வாங்குவது மேலே இருக்கிற மெக்கானிக். இரண்டு நாளைக்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். தண்ணீரும் ஊட்டியில் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடியின் ஸ்பிரிங்கும் வாஷரும் நன்றாக இருந்தால்தான் தாங்கும். நூறு, இருநூறு ரூபாய் சாமான் அது, அதில் என்ன சிக்கனம்? இப்போது கிடைக்கிற 20 சதவீத எத்தனால் பெட்ரோலுக்கு அந்தக் காலத்து ரப்பர் பைப் ஆகாது. மாற்றிவிடுங்கள், சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் சொட்டிய பிறகு யோசிக்க வேண்டாம்.

வண்டி வாங்கியாகிவிட்டது, மலை ஏறியே தீர்வேன் என்கிறீர்களா? தாராளமாக வாருங்கள். பெயிண்டுக்குச் செலவழிப்பதற்கு முன்னால் பெடலோடு சேர்ந்த மாஸ்டர் சிலிண்டர், நான்கு சக்கரத்து வீல் சிலிண்டர்கள், ஹோஸ்கள் எல்லாவற்றையும் மாற்றுங்கள். "கிட் போட்டுச் சமாளிக்கலாம்", அதாவது உள்ளே இருக்கிற ரப்பரை மட்டும் மாற்றினால் போதும் என்று எந்த மெக்கானிக் சொன்னாலும், சிலிண்டரின் உள்சுவரை விரலால் தடவிப் பார்த்துவிட்டுச் சொல்லச் சொல்லுங்கள். குழி விழுந்திருந்தால் கிட் நிற்காது. பிரேக் ஆயிலை இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை முழுக்க மாற்ற வேண்டும். மேலே கொஞ்சம் ஊற்றி நிரப்புவது மாற்றுவது ஆகாது. டயர் தேதியைப் பாருங்கள், ஸ்டெப்னியையும் சேர்த்து. முதல் பயணம் மலைக்கு வேண்டாம். ஒரு மாதம் சமவெளியில் ஓட்டுங்கள், கசிவது எல்லாம் அதற்குள் கசிந்து தெரிந்துவிடும்.

இறங்கும்போது செகண்ட் கியர், செங்குத்தான இடத்தில் ஃபர்ஸ்ட். நியூட்ரலில் விட்டு பெட்ரோல் மிச்சம் பிடிக்கிற புத்திசாலிகள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் நான் பேசுவதில்லை. பிரேக்கை மிதித்து வேகத்தைக் குறைத்துவிட்டுக் காலை எடுங்கள், கால் அங்கேயே குடியிருக்கக் கூடாது. ஏறி வருகிற வண்டிக்கு வழி விடுங்கள். கருகிய வாடை வந்தாலோ, பெடல் வழக்கத்தைவிடக் கீழே போனாலோ அடுத்த வளைவு வரை போகலாம் என்று நினைக்காமல், இடம் கிடைத்த உடனே ஒதுக்கி நிறுத்துங்கள். கையிலிருக்கிற தண்ணீரை பிரேக் டிரம் மேல் ஊற்றாதீர்கள், விரிசல் விடும். அரை மணி நேரமாவது தானாக ஆறட்டும்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே பெடல் போய்விட்டால் விடாமல் வேகவேகமாக மிதியுங்கள், கொஞ்சம் பிடிக்கலாம். கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள். ஹேண்ட் பிரேக்கை ஒரேயடியாக இழுக்காமல் பட்டனை அழுத்தியபடி கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். சாவியைத் திருப்பாதீர்கள், ஸ்டியரிங் லாக் இருக்கிற வண்டி என்றால் அதோடு கதை முடிந்தது. எதிலாவது இடித்தே ஆக வேண்டும் என்றால் மலைப்பக்கம் இடியுங்கள். பம்பர் வாங்கிக்கொள்ளலாம், கூட உட்கார்ந்திருக்கிறவர்களை எங்கே போய் வாங்குவீர்கள்?

நிறுத்தியபோது டயருக்குக் கல் வைப்பீர்கள், வைக்கத்தான் வேண்டும். கிளம்பும்போது தயவுசெய்து அந்தக் கல்லை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டுப் போங்கள். ராத்திரி மேகத்துக்குள் பைக்கில் வருகிற எங்கள் ஊர்ப் பையன்கள் அதில்தான் ஏறி விழுகிறார்கள்.