லோ புரொஃபைல் டயர்: குறுஞ்சுவரும் காற்றழுத்தமும்

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையின் உதிரிபாகக் கடைகளில் அலாய் வீல் விலை கேட்டு நிற்பவர்களின் வாயில் அடிக்கடி வரும் சொல் ‘லோ புரொஃபைல்’. தாழ்வான டயர், அதாவது காரைத் தரையோடு தாழ்த்திவிடும் டயர் என்றே பலர் இதற்குப் பொருள் கொள்கிறார்கள். உண்மையில் தாழ்ந்திருப்பது டயரின் பக்கச்சுவர் மட்டுமே. அதனால் ‘குறுஞ்சுவர் டயர்’ என்பதையே இதற்கு நேரான தமிழாகக் கருதுகிறேன். ‘தாழ்தோற்ற டயர்’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் பொருள் தவறிவிடும்.

‘டயர்’ என்பது, ஆடை அணியைக் குறிக்கும் ‘அட்டயர்’ என்ற ஆங்கிலச் சொல்லின் தலை தேய்ந்த வடிவம். 15ஆம் நூற்றாண்டில் அது வண்டிச் சக்கரத்துக்குப் போர்த்திய இரும்புத் தகட்டைக் குறித்தது. நம் கட்டை வண்டியிலும் குடம், ஆரக்கால், வட்டை என்று உறுப்புகளை அடுக்கி, கடைசியாக இரும்புப் பட்டையைக் காய்ச்சி மாட்டினார்கள். ஆகவே ‘சக்கரப்பட்டை’ நமக்கு அந்நியமான சொல் அல்ல. ஆனால் 1888இல் டன்லப் காப்புரிமை பெற்ற காற்றடைத்த ரப்பர் மாட்டு வண்டிக்கும் வந்து, ‘டயர் வண்டி’ என்ற பெயர் ஊரெங்கும் நிலைத்துவிட்டதால், ‘டயர்’ என்றே எழுதுவதில் எனக்குத் தயக்கம் இல்லை. ‘புரொஃபைல்’ என்பதன் வேரில் நூல் என்று பொருள்படும் ‘ஃபீலும்’ என்ற இலத்தீன் சொல் இருக்கிறது. நூல் பிடித்தாற்போல் வரைந்த புறக்கோடு என்பதிலிருந்து பக்கத் தோற்றம் என்ற பொருள் வந்தது.

சுவரின் உயரத்தை டயரின் மேலேயே படிக்கலாம். 185/65 ஆர் 15 என்றால் அகலம் 185 மில்லிமீட்டர், சுவரின் உயரம் அதில் 65 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ 120 மில்லிமீட்டர், ரிம்மின் விட்டம் 15 அங்குலம். இதை எடுத்துவிட்டு 195/55 ஆர் 16 மாட்டினால் முழு விட்டத்தில் ஒரு மில்லிமீட்டர்கூட வேறுபாடு வராது; ஆனால் சுவர் 107 மில்லிமீட்டராகக் குறைந்துவிடும். 50 விழுக்காடும் அதற்குக் கீழும் உள்ளவற்றையே வழக்கமாகக் குறுஞ்சுவர் என்கிறார்கள்.

இங்கேதான் ‘காத்து எவ்வளவு?’ என்ற நம் பெட்ரோல் பங்க் கேள்வியைக் கொஞ்சம் நிதானித்துப் பார்க்க வேண்டும். கருவி காட்டுவது காற்றின் அளவை அல்ல, அழுத்தத்தை. பிஎஸ்ஐ என்பது ஒரு சதுர அங்குலத்தின் மேல் எத்தனை பவுண்டு விசை என்பதற்கான அலகு. வண்டியின் பாரத்தைப் பெரும்பாலும் தாங்குவது உள்ளிருக்கும் அந்த அழுத்தமே. சுவர் குறுகும்போது பாரம் குறைவதில்லை, காற்றுக்கான இடமும் பள்ளத்தில் அமுங்கிக்கொடுக்கும் தூரமும் குறைகின்றன. அழுத்தம் சற்றுக் குறைந்திருந்தாலும், பள்ளத்தின் விளிம்புக்கும் ரிம்மின் விளிம்புக்கும் நடுவில் சுவர் நசுங்கி உள்ளிழைகள் அறுந்துவிடும். வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு, தண்ணீர் மூடிய ஒரு பள்ளத்தில் விழுந்த எங்கள் காரின் டயரில், மறுநாள் காலை எலுமிச்சம்பழ அளவில் ஒரு வீக்கத்தைப் பார்த்தேன். அப்படி வீங்கிய டயரை ஒட்டுப்போட்டு ஓட்டக் கூடாது, மாற்றத்தான் வேண்டும். அதற்கு அஞ்சி அளவுக்கு மீறி அடைத்தாலோ நடுப்பகுதி மட்டும் தேயும், சாலைப் பிடிப்பு குறையும், சிறு மேடுகூட முதுகெலும்பில் தெரியும்.

சரியான எண், கதவைத் திறந்தால் சட்டத்திலோ பெட்ரோல் மூடியின் உட்புறத்திலோ ஒட்டியிருக்கும். டயரின் சுவரில் அச்சிட்டிருப்பது உச்ச வரம்பு. அதையே இலக்காகக் கொள்ளக் கூடாது. ஒட்டியிருக்கும் எண்ணும் குளிர்ந்த டயருக்கானது, அதாவது குறைந்தது மூன்று மணி நேரம் நின்ற வண்டிக்கானது. மே மாத நண்பகலில் வேளச்சேரியிலிருந்து ஓட்டிக்கொண்டு போய் பங்கில் நிறுத்தியபோது 37 காட்டியது. தானியங்கிக் கருவியில் 33 என்று வைத்தவுடன் அது புஸ்ஸென்று காற்றை வெளியேற்றி, ‘பீப்’ ஒலித்து நின்றது. மறுநாள் விடியற்காலையில் அதே டயரில் 29தான் இருந்தது. ஐந்தாறு டிகிரி செல்சியஸ் வேறுபாட்டுக்கு ஏறத்தாழ 1 பிஎஸ்ஐ மாறும். ஓட்டத்தில் ஏறும் சூடு அதற்கும் மேல். சூடான டயரிலிருந்து காற்றை இறக்கவே கூடாது.

டயர் அளவை மாற்றியவர்கள், ஒரு டயர் எவ்வளவு எடை தாங்கும் என்பதைக் காட்டும் சுமைக் குறியீட்டையும் பார்க்க வேண்டும். மேலே சொன்ன 15 அங்குல டயரின் வழக்கமான குறியீடு 88, அதாவது 560 கிலோ. 16 அங்குலத்துக்கு 87, அதாவது 545 கிலோ. அதே பாரத்தைச் சுமக்க இதற்கு ஏறத்தாழ 1 பிஎஸ்ஐ கூடுதலாக வேண்டும். ‘எக்ஸ்எல்’, அதாவது கூடுதல் சுமைக்கானது என்று குறித்த டயர்களுக்கான கணக்கு வேறு. அவற்றுக்கு டயர் நிறுவனத்தின் சுமை அழுத்த அட்டவணையைக் கேட்டு வாங்க வேண்டும். கதவில் இருக்கும் எண் பழைய டயருக்கானது என்பதால், புதிய எண்ணை ஒரு சீட்டில் எழுதி அதன்மேலேயே ஒட்டிவைத்திருக்கிறேன்.