மோட்டார் பூட்டும் முன் அச்சைப் பாருங்கள்

சென்ற மாதம் பென்னாகரம் பக்கத்திலிருந்து, பால் ஊற்றும் பெரியவர் ஒருவர் தன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே தருமபுரியில் உள்ள என் பட்டறைக்கு வந்தார். வேறோர் இடத்தில் முன் சக்கரத்தில் 36 வோல்ட் ஹப் மோட்டார், அதாவது சக்கரத்தின் நடுவிலேயே உட்காரும் மோட்டார், பூட்டியிருந்தார்கள். மேட்டில், வேகம் கூட்டும் கைப்பிடியான திராட்டிலைத் திருகியதும் "டக்"கென்று ஒரு சத்தம், அதோடு வண்டி நின்றுவிட்டதாம்.

குனிந்து பார்த்தேன். சுற்றவே கூடாத அச்சு சுற்றியிருந்தது. அதன் வழியே வெளிவரும் மின்கம்பிகள் முறுக்கேறி, உறை கிழிந்து, ஒன்றோடொன்று ஒட்டிக் கருகிக் கிடந்தன. சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில், அச்சு உட்காரும் அடிப்பள்ளம் இரண்டு பக்கமும் வாய் பிளந்திருந்தது. நல்லவேளை, அது மேடு. இறக்கத்தில் சக்கரம் கழன்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே எனக்கு நடுக்கமாக இருந்தது.

சாதாரணச் சைக்கிளில் அச்சுக்கு இப்படி ஒரு சுமையே கிடையாது. ஹப் மோட்டாரில், சக்கரத்தை முன்னே தள்ளும் அதே விசை அச்சைப் பின்னோக்கித் திருகப் பார்க்கும். அதைத் தடுப்பது அச்சில் தட்டையாகச் சீவப்பட்ட இரண்டு முகங்களும், அவை உட்காரும் ஃபோர்க் பள்ளமும்தான். நட்டை இறுக்கினால் மட்டும் போதாது. டார்க் ஆர்ம் எனப்படும் தடித்த இரும்புப் பட்டை வேண்டும்: ஒரு முனை அச்சின் தட்டை முகத்தைக் கவ்வும், மறுமுனை ஃபோர்க் தண்டோடு கிளாம்பில் கட்டப்படும். மோட்டாரின் விலையோடு ஒப்பிட்டால் அது சிறு காசு. அந்தப் பெரியவரின் வண்டியில் அது இல்லை. அலுமினிய ஃபோர்க்கில் முன் மோட்டார் கேட்டு வருகிறவர்களை நான் திருப்பி அனுப்பிவிடுகிறேன். இரும்பு வளைந்து எச்சரிக்கும். அலுமினியம் சட்டென்று உடையும்.

அடுத்தது பிரேக். மிதித்து 12 கிலோமீட்டர் வேகத்தில் போனவர் மோட்டாரில் 24 போனால், வேகம்தான் இரட்டிப்பு. பிரேக் அடக்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்கு. பழைய கறுப்புச் சைக்கிளின் கம்பி பிரேக், நனைந்த இரும்பு ரிம்மில் வழுக்கும். அதை நம்பி ஒகேனக்கல் மலைப்பாதையில் இறங்காதீர்கள். பிடித்தவுடன் மோட்டாருக்கு மின்சாரத்தை நிறுத்தும் பிரேக் லீவரும் கட்டாயம் வேண்டும்.

சார்ஜரையும் கவனியுங்கள். 36 வோல்ட் லித்தியம் அயான் பேட்டரி முழுமையாக ஏறினால் 42 வோல்ட். 48 வோல்ட் பேட்டரியின் சார்ஜர் பெரும்பாலும் 54.6 வோல்ட் தரும். பிளக் பொருந்துகிறது என்பதற்காக மாற்றிச் செருகினால் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. இரவு படுக்கைக்கு அருகே சார்ஜ் போடவே போடாதீர்கள்.

பெட்ரோல் எஞ்சின் கேட்டு வரும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி 25 சிசிக்கு மேல் போனால் அது சைக்கிள் அல்ல, மோட்டார் வாகனம். பதிவும் உரிமமும் காப்பீடும் கேட்கும். மின்மோட்டாரிலும் 250 வாட், 25 கிலோமீட்டர் வேகம் என்ற வரம்பைத் தாண்டினால் இதே கதைதான்.

புதிதாகப் பூட்டிய வண்டி முதல் நூறு கிலோமீட்டர் ஓடியதும் பட்டறைக்குக் கொண்டுவாருங்கள். ஆரக்கம்பிகள் அதற்குள் தளர்ந்திருக்கும், அச்சு நட்டும் ஒரு சுற்று விட்டிருக்கலாம். இறுக்கிக் கொடுக்கக் கால் மணி நேரம் ஆகும். அதற்கு நான் காசு வாங்குவதில்லை.