டென்னிஸ் எல்போ: பெயரும் பிழையும்

முழங்கையின் வெளிப்பக்கத்தில் வரும் ஒரு வலிக்கு ‘டென்னிஸ் எல்போ’ என்று பெயர். குமரி மாவட்டத்து விளவங்கோடு, கல்குளம் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவர்களிடம் இந்தப் பெயரைச் சொன்னால் சிரிப்பார்கள். மரத்துக்கு மரம் கத்தியை இழுக்கும் கைக்கு டென்னிஸ் எங்கிருந்து வந்தது? அவர்கள் சொல்வது ‘கைமுட்டுக் கடுப்பு’.

1873இல் ருங்கே என்ற ஜெர்மானிய மருத்துவர் இதை எழுதுகிறவர்களுக்கு வரும் கோளாறாகத்தான் விவரித்தார். இங்கிலாந்தில் புல்தரை டென்னிஸ் பரவியதும், 1882இல் மருத்துவ இதழில் ‘லான் டென்னிஸ் ஆர்ம்’ என்ற பெயர் வந்தது. முந்தியது எழுத்தர் கை, நிலைத்தது ஆட்டக்காரர் பெயர்.

‘எல்போ’வின் பழைய ஆங்கில வடிவத்தில் எல்ன் என்பது முழ அளவு, போகா என்பது வளைவு. நம் முழங்கையிலும் முழம் இருக்கிறது. பூக்காரம்மா முழம் போடுவது முட்டிலிருந்துதானே! எல்லைக்கு அப்பால் மலையாளத்திலும் அது முழம்தான், கைமுட்டும் அதே கைமுட்டுதான்.

மருத்துவப் பெயர் லேட்டரல் எபிகாண்டிலைட்டிஸ். கிரேக்கத்தில் எபி ‘மேல்’, கொண்டிலோஸ் ‘கணு’. ஐட்டிஸ் என்ற விகுதிக்கு மருத்துவ வழக்கில் ‘அழற்சி’ என்று பொருள். கோளாறு இந்த ஐட்டிஸில்தான். மணிக்கட்டை மேலே தூக்கும் தசையின் நாண், முட்டின் வெளிப்புற எலும்பு முனையில் ஒட்டுகிற இடத்தில் நைந்துபோகிறது. நாள்பட்ட வலியில் அங்கே அழற்சி அணுக்களைக் காண்பது அரிது. இழைகள் ஒழுங்கு குலைந்து கிடக்கும். எனவே ‘முழங்கை அழற்சி’ என்று எழுதுவதைவிட ‘வெளிமுழங்கைத் தசைநாண் நைவு’ பொருந்தும். பேச்சுக்குக் கைமுட்டுக் கடுப்பே போதும்.

பெயர் தவறினால் வைத்தியமும் தவறும். அழற்சி என்று நினைத்துப் போடும் ஸ்டீராய்டு ஊசி சில வாரம் வலியை அடக்கும். ஓராண்டுக் கணக்கில் பார்த்தால் ஊசி போடாதவர்களே மேலாக இருக்கிறார்கள். நைந்த நாணுக்கு வேண்டியது அளவான சுமை.

முன்கையை மேசையில் வைத்து, உள்ளங்கை தரையைப் பார்க்க, மணிக்கட்டை விளிம்புக்கு வெளியே நீட்டுங்கள். மறுகையால் புறங்கையை அழுத்த, அசையாமல் எதிர்த்து நில்லுங்கள்: 30 முதல் 45 நொடி, 4 அல்லது 5 முறை. இரண்டு வாரம் கழித்து, அதே நிலையில் வலிக்கும் கையில் அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடியுங்கள். மறுகையால் மணிக்கட்டை மேலே தூக்கிவிட்டு, 3, 4 நொடி எடுத்து மெல்ல இறக்குங்கள். 15 தடவை, 3 சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். சுலபமானால் எடையைக் கொஞ்சமாகக் கூட்டலாம். பத்துக்கு 3, 4 வலி இருக்கலாம், மறுநாள் காலைக்குள் தணிய வேண்டும். தணியாவிட்டால் எடையைக் குறையுங்கள்.

பலர் தவறுவது மூன்றாம் வாரத்தில். வலி குறைந்ததும் பயிற்சியை விட்டுவிடுவார்கள். நாண் தேற 8 முதல் 12 வாரம் ஆகும். தைலம் இதம்தான், ஆனால் எலும்பு முனைமேலேயே அழுத்தித் தேய்த்தால் கடுப்பு கூடும். குடத்தையும் பையையும் உள்ளங்கை மேலே பார்க்கத் தூக்கினால் நாணுக்குப் பாரம் குறையும்.

விரல் மரத்துப்போனாலோ கழுத்திலிருந்து வலி இறங்கினாலோ அது நாண் நைவாக இல்லாமல் இருக்கலாம். மருத்துவரிடம் நரம்பைப் பார்க்கச் சொல்லுங்கள்.