இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம்

"நேரம் எங்க இருக்கு டாக்டர்?" சர்க்கரைக்கு மாத்திரை எழுதிவிட்டு, கொஞ்சம் நடக்கவும் வேண்டும் என்றால் பலரும் சொல்லும் பதில் இது. இதைச் சாக்குப்போக்கு என்று நான் தள்ளுவதில்லை. காலையில் கடைக்குள் நுழைந்து இரவு ஒன்பதரைக்கு வெளியே வரும் ஜவுளிக்கடை ஊழியரை, விடியற்காலையில் எழுந்து ஒரு மணி நேரம் நடக்கச் சொல்வது நியாயமே இல்லை. ஒன்றாம் தேதி ஆர்வமாகத் தொடங்குவார். பத்தாம் தேதிக்குள் உடம்பு அசந்துவிடும்.

அதனால் வேறு கேள்வி கேட்கிறேன். இரவு சாப்பிட்டுக் கை கழுவியதும் என்ன செய்வீர்கள்? டிவி, போன், இல்லையென்றால் நேராகப் படுக்கை. அந்த இடத்தில் பத்து நிமிட நடையைச் செருகினால் போதும். வேகம்கூட வேண்டாம், பேசிக்கொண்டே நடக்கலாம்.

சாப்பிட்ட ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்தில் ரத்தச் சர்க்கரை உச்சத்துக்கு ஏறும். அப்போது தொடையும் கெண்டைக்காலும் அசைந்தால், அந்தத் தசைகள் இன்சுலினுக்காகக் காத்திருக்காமலே குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். டைப் 2 சர்க்கரை நோயில் இன்சுலின் சரியாக வேலை செய்யாததுதானே சிக்கல்? அந்தச் சிக்கலைச் சுற்றிக்கொண்டு போகும் வழி இது. "உண்ட களைப்பு தொண்டனுக்கும் உண்டு" என்பார்கள். உண்மைதான், ஆனால் வயிறார இரவில் சாப்பிட்டுவிட்டு அப்படியே சாய்வதுதான் பலருக்குச் சர்க்கரையை ஏற்றிவிடுகிறது.

வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்று முன்பு இருந்த நிபந்தனையை 2020-இல் எடுத்துவிட்டார்கள். ஐந்து நிமிடமும் கணக்கில் சேரும்.

என்னிடம் வரும் ஓர் அம்மாவின் தெருவில் நாய்த் தொல்லை. மொட்டை மாடியில், துணி காயும் கொடிகளுக்கு நடுவே நடக்கிறார். வெளியூரில் இருக்கும் மகளோடு இரவில் போன் பேசுவது அவருக்கு ஒரு நாளும் தவறாது. முன்பு சோபாவில் உட்கார்ந்து பேசியதை இப்போது நடந்துகொண்டே பேசுகிறார். நடைக்கென்று தனியாக அவர் நேரம் ஒதுக்கவே இல்லை. அதனால்தான் அது நிலைத்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று சொல்வதை நம்பி ஏமாறாதீர்கள். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பழக்கம் தானாக வர நடுத்தரமாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள்கூட ஆகும் என்று கணித்தார்கள். இடையில் ஒரு நாள் விட்டதால் பெரிய பாதிப்பு இல்லை என்பதையும் அதில் பார்த்தார்கள். கல்யாண வீடு, காய்ச்சல், மழை என்று விட்டுப்போனால் மறுநாள் நடங்கள், அவ்வளவுதான்.

பாதத்தில் மரத்துப்போன உணர்வு இருந்தால் மாடியில்கூட வெறுங்காலோடு நடக்க வேண்டாம். இன்சுலின் போடுபவர்களும் கிளிமெபிரைடு போன்ற, இன்சுலினைக் கூடுதலாகச் சுரக்கவைக்கும் மாத்திரை எடுப்பவர்களும், நடந்தபின் வியர்த்துக் கை நடுங்கினால் சர்க்கரையைச் சோதித்துப் பாருங்கள். குறைந்திருந்தாலோ, சோதிக்க வழியில்லை என்றாலோ, உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்துவிட்டு, மறுநாளே மருத்துவரிடம் சொல்லுங்கள். சாப்பிட்டுவிட்டு நடக்கும்போது நெஞ்சு இறுக்கி, நின்றால் சரியாகிறதா? வாயுத் தொல்லை என்று ஓமத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுக்காதீர்கள். நடையை நிறுத்திவிட்டு, தள்ளிப்போடாமல் ஈசிஜி எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள். நின்ற பிறகும் வலி விடவில்லை என்றால் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.